ஓணான் போன தூது

மரமில்லாத அந்தத் தீவில் எண்ணெய் இறைக்கும் இயந்திரம் ஒன்று ஓயாமல் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. ஓணானுக்கு அதைப் பார்த்தால் சொந்தக்காரர் மாதிரி இருக்கும்.

அதனால் கரை மணலில் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஆமை ஓணானைத்தான் தூது அனுப்பியது.

"அது ஆமை அக்கா முட்டையிடுற இடம். குழாய் வேண்டாமே" என்றது ஓணான். இயந்திரம் தலையாட்டியது.

மறுநாளே குழாய் பதித்துவிட்டார்கள். ஓணான் மறுபடியும் போய், "நீங்க செஞ்சது தப்புதானே?" என்று கேட்டது. அதற்கும் இயந்திரம் தலையாட்டியது.

ஓணான் திரும்பி வந்து, "தப்புன்னு ஒத்துக்கிட்டாரு அக்கா. இந்தக் காலத்துல யாரு ஒத்துக்குறா? பெரிய மனுஷன்" என்றது.

"சரி தம்பி, நான் முட்டைய எங்க இடுறது?" என்று கேட்டது ஆமை.

ஓணான் தலையாட்டியது.