வரிக்கு அது பிஸ்கட்

சாக்லேட் பூசிய அந்த இறக்குமதிக் குச்சி, சுங்க வரிப் பட்டியலில் சாக்லேட்டா, பிஸ்கட்டா? தப்பாக எழுதினால் வேலைக்கே ஆபத்து என்று கிளியரிங் ஆபீஸில் ஜெயந்த் தவித்துக்கொண்டிருந்தபோது, மனைவி ஜானவி கரமனை வீட்டிலிருந்து ஃபோன் செய்தாள்.

“நேத்து கொண்டுவந்தேளே சாம்பிள், அது சாக்லேட்டா, பிஸ்கட்டா?” குரல் நடுங்கியது.

“பயப்படாதே, வேலை போகாது. இப்பத்தான் பட்டியல்ல பார்த்தேன். மேலே சாக்லேட் பூசினாலும் உள்ளே பிஸ்கட் இருந்தா, வரிக்கு அது பிஸ்கட்தானாக்கும்.”

“அப்போ சாக்லேட்டே இல்லையா?”

“இருக்கு. ஆனா பட்டியல்ல...”

“பட்டியல் கிடக்கட்டும். அப்பு அத்தனையும் தின்னுடுத்து. நாய்க்குச் சாக்லேட் விஷமாமே.”

ஜெயந்த் எழுந்தேவிட்டான்.

“வயித்துக்கு அது சாக்லேட்தான். இப்பவே அவனை வெட்டினரி டாக்டர்ட்ட தூக்கிண்டு போ. காலி டப்பாவையும் எடுத்துக்கோ. அதுல கொக்கோ எத்தனை சதவீதம்னு போட்டிருக்கு. அதையும் அப்புவோட எடையையும் பார்த்து அவர் மருந்து கொடுப்பார்.”