முதல் பக்கம் இல்லாத கட்டுரை

உத்திராபதி சார் தலையை நிமிர்த்தவே இல்லை. எதிரே சிவரஞ்சனி அந்தக் கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரம்பலூரில் அந்தக் கல்லூரியின் எம்.ஃபில். வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிற கூத்துதான் இது. அச்சில் வந்த ஏதாவது ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். தலைப்பும் எழுதியவர் பெயரும் இருக்கிற முதல் பக்கத்தை மட்டும் கொடுக்க மாட்டார். பெரிய பெயரைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு வாய் அடைத்துப்போகும் என்பது அவர் அனுபவம்.

இந்த வாரம் எல்லோரும் கொஞ்சம் விறைப்பாகவே வந்திருந்தார்கள். துறையில் பகுதிநேர விரிவுரையாளர் வேலை ஒன்று காலி. இன்றைக்கு நன்றாகப் பேசுகிறவரைச் சார் கைகாட்டுவார் என்று பேச்சு. சிவரஞ்சனிக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், மாப்பிள்ளை போட்டோகூட வந்துவிட்டது.

அவளுக்குத்தான் கிடைக்கும் என்று வகுப்பே நினைத்தது. போன வருடம் ஓர் ஆய்விதழில் அவள் கட்டுரை வந்திருந்தது, மற்ற யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. தபாலில் வந்த இதழை அவள் அப்பா உறையைக்கூடப் பிரிக்காமல் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

“எனக்குப் பூலாம்பாடிங்க,” என்று ஆரம்பித்திருந்தாள் சிவரஞ்சனி. “எங்க ஊருல நூறு பொம்பளைங்களப் பாத்துப் பேசுனதா இதுல எழுதியிருக்கு. அதுவும் பருத்தி எடுக்கற சமயத்துல, மத்தியான வேளையில, அவங்கவங்க வூட்டுலயே பாத்தாங்களாம். அந்நேரத்துக்கு எந்தப் பொம்பள வூட்டுல இருப்பா?”

வகுப்பு சிரித்தது. சிவரஞ்சனிக்குச் சூடு பிடித்துவிட்டது.

“கூலி பத்தலைன்னவங்க நூத்துக்கு அறுபத்திரண்டு பேரு. பத்துதுன்னவங்க இருபத்தேழு. ஒண்ணும் சொல்லாதவங்க இருபத்தொண்ணு. கூட்டிப் பாருங்க.”

“நூத்திப்பத்து வருது,” என்றான் அழகேசன். அந்த வேலைக்கு அவனும் போட்டிதான், ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கடைசியில பெரிசா நூல் பட்டியல் குடுத்திருக்கு. உள்ள அதுல ஒரு புத்தகத்தக்கூடத் தொடல.”

அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது முன்பெஞ்சு மணிமொழி அவள் துப்பட்டாவை இழுத்தாள். “ஏய், போதும்டி. இது சாரு எழுதுனது போல இருக்கு. அவரு மூஞ்சியப் பாரு.”

சிவரஞ்சனி பார்த்தாள். சாரின் முகம் கறுத்திருந்தது. அவர் டாக்டர் பட்டம் வாங்கியதே பருத்தி எடுக்கிற பெண்களைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. சோறு போட்ட கையைக் கடித்தது போல வெட்கமாக இருந்தது. ஆனாலும் மாப்பிள்ளை போட்டோ கண்முன் வந்து நின்றது.

“இது ஆராய்ச்சி இல்லீங்க. உக்காந்த எடத்துல எழுதுனது,” என்று சன்னமாகச் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

“சரி, எல்லாரும் போங்க. சிவரஞ்சனி மட்டும் இரும்மா,” என்றார் சார்.

அறை காலியானதும் அவளே முந்திக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க சார். நீங்க எழுதுனதுன்னு தெரியாம பேசிட்டேன்.”

“நான் எழுதலம்மா.”

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. “அப்புறம் ஏன் சார் தலையக் குனிஞ்சே உக்காந்திருந்தீங்க?”

“இத அச்சுக்குச் சிபாரிசு பண்ணுனது நான்தான். அப்ப ஒரு வரி படிச்சுப் பாக்கல, கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டேன். போன வாரம்தான் முழுசாப் படிச்சேன். வெக்கமாப் போச்சு.”

சாரிடம் சிபாரிசு வாங்காத ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இளகின மனசு, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் பாவம் என்று சிவரஞ்சனி நினைத்தாள். அந்த யாரோ மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது.

“இப்படி ஏமாத்துறவங்கள விடக்கூடாது சார்.”

“நீ இத முன்னாடி படிச்சதே இல்லையாம்மா?”

“இல்லீங்க சார். நேத்து நீங்க குடுத்தப்புறம்தான் படிச்சேன்.”

சார் மேசைமேல் கிடந்த ஜெராக்ஸ் தாள்களை அடுக்கி வைத்தார். “நீ சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்ல. அந்த மத்தியான விஷயம் எனக்கே தட்டல. வாத்தியாரா வர்றதுக்கு உன்ன மாதிரிப் படிக்கத் தெரியணும்.”

வேலை கிடைத்துவிட்டது என்றே சிவரஞ்சனிக்குத் தோன்றியது. சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

சார் மேசை டிராயரைத் திறந்தார். யாருக்கும் கொடுக்காத அந்த முதல் பக்கத்தை எடுத்து, அவள் பக்கமாக நகர்த்தினார். அவள் சிரித்த முகத்தோடுதான் படிக்க ஆரம்பித்தாள். படித்து முடித்தபின் அவளால் நிமிர முடியவில்லை.

அவர் குரலில் கோபம் இல்லை.

“இவ்வளவு தெரிஞ்ச நீ, உம் பேருல வர்றத நீயே எழுதியிருக்கலாமேம்மா.”