அரிசி டிரம்முக்குள் நான்கு போன்கள்

நைட் ஷிப்ட் முடிந்த யூனிபார்மோடு விக்டோரியா உட்பட மூன்று பேர், கையில் கட்டோடு பிரின்சி என நான்கு பேர், ஆரம்பாக்கத்தில் விக்டோரியாவின் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரஸ் மெஷினில் பிரின்சியின் இரண்டு விரல்கள் போனதற்குப் புகார் எழுத வேண்டும். அட்டெண்டன்ஸுக்கென்று கம்பெனி ஏற்றச் சொன்ன ஆப், பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கிறது என்று விக்டோரியாவுக்குச் சந்தேகம். "போனையெல்லாம் குடுங்க. அது காதுல ஒண்ணும் வுழக்கூடாது" என்று வாங்கி, நான்கையும் அரிசி டிரம்முக்குள் புதைத்து, மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைக்கிறாள். ஜன்னல் வெயிலில் அரிசித் தூசி மெல்ல இறங்குகிறது. கட்டுப் போட்ட கையால், எழுதி முடித்த புகார்த் தாளை அழுத்திக்கொண்டு பிரின்சி முதல் கையெழுத்தைப் போடுகிறாள். டிரம் அதிர்கிறது. முழங்கைவரை கையை விட்டு விக்டோரியா தன் போனை எடுக்கிறாள். அரிசி உதிரும் திரையில் சூப்பர்வைசரின் மெசேஜ்: "நாலு பேரும் ஒரே ஊட்லதான் கீறீங்க போல. நாஷ்டா ஆச்சா?"