பந்தா, கையா?

“பாய், ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லு. புதுப் பந்து வாங்குனா ஸ்கோர் ஏறுமா, ஏறாதா?”

செங்கொடி கேட்ட வேகத்தில் அப்சல் நிமிர்ந்து பார்த்தார். மாலின் மூன்றாவது மாடியில், பவுலிங் ஆடும் இடத்தின் ஓரமாகப் பந்தும் ஷூவும் விற்கிற சின்னக் கடை அவருடையது.

“ஏறாதுன்னு சொல்லிடு பாய். நாங்க வூடு போய்ச் சேர்றோம்” என்றான் அவள் பின்னால் நின்ற கணவன் டில்லிபாபு. விம்கோ நகரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்ல சவாரி நேரத்தில் தன்னை மெட்ரோவில் ஏற்றி இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டாளே என்ற கடுப்பு அவனுக்கு.

செங்கொடிக்கு எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. கம்பெனிகளுக்குள் நடக்கும் பவுலிங் போட்டியில் இரண்டு வருஷமாக அவள்தான் டீமின் நம்பிக்கை. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து, ஒரு ஆட்டத்துக்கு நூற்றைம்பதை அநாயாசமாக எடுத்துக்கொண்டிருந்தவள், நாலு மாதமாகத் தொண்ணூறைத் தாண்டவில்லை. அடுத்த ஞாயிறு ஃபைனல்.

“பத்து நாளா லீவு போட்டுக்கினு இங்கதான் கெடக்கிறா பாய். சோறு எறங்கல, தூக்கமும் இல்ல. ஒரு கப்புக்காக யாராச்சும் இப்டி பேஜாராவாங்களா?”

“நீ கம்னு இருய்யா. பாய், நீ சொல்லு.”

அப்சல் தாடியைத் தடவிக்கொண்டார். “வியாபாரத்துக்காகப் பொய் சொல்ல மாட்டேன் அக்கா. பந்து மாத்துனா ஸ்கோர் ஏறும்னு நிறைய பேர் வர்றாங்க. பத்து பேர்ல எட்டு பேருக்கு ஒண்ணும் மாறாது. குறை கையிலதான் இருக்கும்.”

செங்கொடியின் முகம் செத்துவிட்டது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

“கேட்டுக்கினியா?” என்று டில்லிபாபு சிரித்தான். “எழுந்திரு, போலாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. “மீதி ரெண்டு பேரு பாய்?” என்றாள்.

“அவங்களுக்குப் பந்துதான் காரணம். நீங்க ஆடுற பந்தை எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்.”

எல்லோரும் எடுத்து ஆடுகிற பொதுப் பந்துகள் வரிசையாக இருந்தன. அதிலிருந்து கறுப்புப் பந்து ஒன்றைத் தூக்கி வந்தாள். அப்சல் அதன் ஓட்டைகளில் அவள் விரல்களை நுழைக்கச் சொன்னார். சுற்றிலும் இடைவெளி தாராளமாகத் தெரிந்தது.

“எத்தனை நாளா இந்தப் பந்து?”

“நாலு மாசமா. முன்ன ஒரு ஊதாப் பந்து இருந்துச்சு. விரிசல் வுட்டுடுச்சுன்னு தூக்கிட்டாங்க.”

“இது ஆம்பளைங்க விரலுக்குப் போட்ட ஓட்டை அக்கா. நழுவிடுமோன்னு உங்களுக்கே தெரியாம இறுக்கிப் பிடிக்கிறீங்க. அப்புறம் எப்படி நேரா போகும்? இதுல ஆடுனா முழங்கை வரைக்கும் இழுக்கும். ஆடி முடிச்சு ரெண்டு மூணு மணி நேரத்துக்குக் கை நடுங்கக்கூடச் செய்யும்.”

செங்கொடி சட்டென்று எழுந்துவிட்டாள். “இன்னொரு தபா சொல்லு பாய்.”

“கை நடுங்கும்னு சொன்னேன். தினம் ஆடுனா தினம் நடுங்கும்.”

“அளவெடு பாய். இப்பவே போடு.”

டில்லிபாபு தலையில் அடித்துக்கொண்டான். அப்சல் அவளுடைய ஒவ்வொரு விரலையும் அளந்து, ஒரு சிவப்புப் பந்தில் ஓட்டை போட்டுக் கொடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவள் நகத்தைக் கடித்தபடி கடை வாசலிலேயே நின்றாள்.

புதுப் பந்தை எடுத்துப்போய் ஆட ஆரம்பித்தாள். முதல் உருட்டல் எட்டுக் கட்டைகளைச் சாய்த்தது. இரண்டாவது உருட்டல் மீதி இரண்டையும் தட்டிவிட்டது. அதன் பிறகு எதுவும் ஓரத்துப் பள்ளத்தில் விழவில்லை. கடைசி உருட்டலில் பத்துக் கட்டைகளும் சடசடவென்று பறந்தபோது டில்லிபாபுவே தன்னை மறந்து விசிலடித்தான். மேலே திரையில் நூற்று நாற்பத்தெட்டு என்று வந்தது.

செங்கொடி திரையைப் பார்க்கவில்லை. வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

டில்லிபாபு பதறி ஓடிவந்தான். “இன்னாமே இது? ஆளுங்க பாக்குறாங்க. அதான் அடிச்சுட்டியே, கப்பு உனக்குத்தான்!”

“கப்பு யாருக்கு வேணும்? எந்தக் கம்பெனியாச்சும் எடுத்துக்கட்டும்.” முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். “நரம்புல ஒண்ணும் இல்லன்னு டாக்டர் போன வாரமே சொன்னாரு. நான்தான் நம்பல.”

“டாக்டரா? எந்த டாக்டர்? எதுக்கு?”

அவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “நாளைக்கு மேனேஜராண்ட குடுக்கலாம்னு எழுதி வெச்சது. படிச்சுட்டு நீயே கிழிச்சுப் போட்டுடு.”

டில்லிபாபு பிரித்துப் படித்தான்.

‘ஐயா, எனக்குக் கை நடுங்குகிறது. கீழே ஆட்கள் நிற்கும்போது முப்பது டன் பெட்டியைத் தூக்குகிற கிரேனில் இனி என்னை ஏற்ற வேண்டாம். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்.’