நாற்பத்திரண்டாம் நம்பர் சீட்

பிராசசர் தொண்ணூற்றெட்டு சதவீதத்தை விட்டு இறங்கவே இல்லை.

மெர்சி பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் சமர்த்தாக இருந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது.

அந்த ஷூ கம்பெனியின் மொத்த உயிரும் அந்த ஸ்டோரேஜ் பெட்டிக்குள்தான் இருந்தது. ஹாலில் மாட்டியிருக்கும் கேமராக்களின் பதிவும் அதில்தான், கட்டிங் செக்ஷனுக்குப் போகும் டிசைன் ஃபைல்களும் அதில்தான். காலையிலிருந்து ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. கட்டிங்கில் தோலை விரித்துப் போட்டுவிட்டு ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எச்.ஆர். மேனேஜர் பரந்தாமன் அவள் தலைக்குப் பின்னாலேயே நின்றார். மதியத்துக்குள் சரியாகாவிட்டால் சென்னையிலிருந்து ஆளை வரவழைப்பதாகவும், அவள் நாளைக்கே பழையபடி தையல் மெஷினில் போய் உட்காரலாம் என்றும் சொல்லியாயிற்று. சும்மா மிரட்டுகிற மனிதர் இல்லை அவர்.

மெர்சி கீழே ஹாலிலிருந்து இந்த ஏசி ரூமுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தபாலில் படித்த கம்ப்யூட்டர் டிகிரியை மட்டும் பார்த்து யாரும் கொடுத்த நாற்காலி இல்லை இது. குழந்தை பெற்றுத் திரும்பி வந்த வருடம் முழுக்க அவள் மெஷின் ஒரு நாளும் நின்றதில்லை என்று ஆண்டு விழாவில் மேடையேற்றி ஒரு குக்கர் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் முதலாளிக்கு அவள் பெயர் தெரிந்தது.

மறுபடி கீழே போவதை நினைத்தாலே அவளுக்கு இடுப்பு வலித்தது.

எது பிராசசரைத் தின்கிறது என்று தேடினாள். பேக்கப் எதுவும் ஓடவில்லை. வைரஸும் இல்லை. டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன.

கேமராதான்.

போன வாரம் பரந்தாமன் போடச்சொன்ன வேலை அது. ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் ஹாலில் இருக்கிற முந்நூறு சீட்டையும் பெட்டி ஓயாமல் பார்க்க வேண்டும், எந்த சீட் காலியானாலும் எவ்வளவு நேரம் என்று குறிக்க வேண்டும். முந்நூறு பெண்கள் ஒன்றுக்குப் போய் வருவதையெல்லாம் வேவு பார்த்தால் எந்தப் பெட்டிக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்.

இதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். நிறுத்த முடியாது, முதலாளி உத்தரவு என்றார் பரந்தாமன். அப்படியென்றால் சீட்டையாவது குறைக்க வேண்டும், முந்நூறைப் பார்க்க இதற்குத் தெம்பு போதாது என்றாள்.

அதற்கு மட்டும் அவர் யோசித்தார்.

“ஒருத்தி மாட்னா போதும் மெர்சி. மத்தவங்க தானா ஒழுங்கா உக்காருவாங்க. நல்லதா ஒண்ணு சொல்லு.”

கடையில் கத்தரிக்காய் கேட்பதுபோலக் கேட்டார்.

பெட்டி திணறியதில் ஒரு வாரக் குறிப்பும் அரைகுறையாகத்தான் பதிவாகியிருந்தது. மெர்சி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு என்றாள்.

நாற்பத்திரண்டில் இருப்பவள் சவுரியம்மாள். பழைய ஆள், பர்மனென்ட், சம்பளம் ஜாஸ்தி. பரந்தாமனுக்குச் சந்தோஷம் முகத்திலேயே தெரிந்தது. அந்தம்மா எழுந்து எங்கே போகிறாள் என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னாள் மெர்சி.

மற்ற சீட்டுகளையெல்லாம் கேமரா கணக்கிலிருந்து அவள் எடுத்துவிட்டாள். பிராசசர் சரசரவென்று பதினைந்துக்கு இறங்கியது. கட்டிங்கில் ஃபைல்கள் திறந்தன, டீ குடித்தவர்கள் எழுந்தார்கள். சென்னை ஆள் வேண்டியதில்லை என்று பரந்தாமன் அவள் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னார். மெர்சிக்குப் பசித்தது. நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பத்திரண்டு இரண்டு தடவை காலியானது. இரண்டு தடவையும் பெட்டி தவறாமல் பிடித்தது. நாளைக் காலையில் சவுரியம்மாளை கேட்டிலேயே நிறுத்திவிடும்படி செக்யூரிட்டிக்குச் சொல்லிவிட்டார் பரந்தாமன்.

சாயங்காலம் மாதனூர் போகும் கம்பெனி பஸ்ஸில் வழக்கம்போலக் கூட்டம். ஏசி ரூம்காரர்கள் கடைசியாகத்தான் வருவார்கள், அவர்களுக்கு இடம் இருக்காது. மெர்சிக்கு மட்டும் எப்போதும் இருக்கும். பக்கத்தில் டிபன் பையை வைத்து, யார் கேட்டாலும் ஆள் வருது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சவுரியம்மாள்.

மெர்சி வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கத்தை விட்டுக்கொடுத்தாள். ரொம்பக் களைத்துப்போயிருக்கிறீர்களே அக்கா என்று மெர்சி கேட்டுவைத்தாள்.

“நாப்பத்திமூணுல, உன் மெஷின்ல, இப்ப கலையரசி இருக்கா இல்ல, கைக்கொழந்தக்காரி, பால் கட்டிக்குது அவளுக்கு. பாத்ரூம் போய் பீச்சிட்டு வர்ற வரைக்கும் அவ எடத்துல நான் உக்காந்து தெச்சிட்றேன். உனக்கு ஒரு வருஷம் உக்காந்தேனே, அந்த மாதிரிதான்.”

மெர்சி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். காற்று நன்றாக வந்தது.

நாளை முதல் மாதனூர் வரைக்கும் நின்றுகொண்டேதான் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.