வெந்நீர்ச் சலுகை

“நோயாளி சலுகையை நிறுத்திடுங்க மேடம். இனிமே எனக்கு அது வேண்டாம்.”

ஹீட்டர் மானியப் பிரிவின் மூன்றாம் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த எழுத்தர் தலை நிமிர்ந்தாள். பன்னிரண்டு வருட வேலையில், சலுகை கொடு என்று மேசையைத் தட்டியவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று ஒருவர் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

எதிரே நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தையல்காரர். கடையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

அவருடைய ஃபைலைப் பிரித்தாள். மின்சாரம் குறைவாகச் செலவாகும் வாட்டர் ஹீட்டர் வாங்கியதற்கு மூன்று வருடம் முன்பே மானியம் கொடுத்தாகிவிட்டது. அது போக, படுத்த படுக்கையாக நோயாளி இருக்கும் வீடு என்பதால் வருடா வருடம் வரியிலும் ஒரு கழிவு. நோயாளி என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதியிருந்தது.

“ஏன் சார் வேண்டாம்?”

“இப்ப வீட்டுல நோயாளின்னு யாரும் இல்லை மேடம். போன வாரத்தோட எல்லாம் முடிஞ்சுது.”

அவள் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘கைக்குட்டை’தான். யாராவது லேசாக மூக்கை உறிஞ்சினால் போதும், இவள் கண்ணில் குளம் கட்டிவிடும்.

“டாக்டர் ஒண்ணும்...?”

“அவர்தான் முதல்ல சொன்னார். ‘இனிமே நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு. மூணு வருஷம் மேடம்! தினம் ரெண்டு வேளை வெந்நீர் ஊத்தி, கை கால் எல்லாம் நீவி விடணும். அந்த ஹீட்டர் மட்டும் இல்லைன்னா கரண்ட் பில்லே எங்களை முழுங்கியிருக்கும். போன வெள்ளிக்கிழமை, காலையில பத்து மணி இருக்கும்...”

அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லாதீங்க சார், சொல்லாதீங்க. உங்களால தாங்க முடியாது.”

உண்மையில் தாங்க முடியாமல் தவித்தது அவள்தான். அவசரமாக இழுப்பறையைத் துழாவினாள். சலுகையை நிறுத்துவதற்கென்று அந்த அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு படிவம். ‘நோயாளி இறந்துவிட்டதால் சலுகையை நிறுத்தக் கோரும் விண்ணப்பம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பாவம், அந்த வார்த்தை இந்த மனிதர் கண்ணில் பட வேண்டாம் என்று, தலைப்பைப் பின்பக்கமாக மடித்துவிட்டுப் படிவத்தை நீட்டினாள்.

“பேர், விலாசம், ஹீட்டர் நம்பர், அந்த... அந்தத் தேதி. அவ்வளவுதான் சார். டாக்டர் சர்ட்டிஃபிகேட் இருக்கா?”

“இதோ.” ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். அதைப் பிரித்துப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. அப்படியே ஃபைலில் குத்தி வைத்தாள்.

தையல்காரர் குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். காலால் தாளம் வேறு. துக்கம் தலைக்கேறினால் சிலருக்கு இப்படித்தான் ஆகும் என்று கைக்குட்டை தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு உங்களுக்குத் துணையா யாராவது இருந்தாங்களா சார்?”

“துணையா? தெருவே திரண்டு வந்துடுச்சு! நான் அழுத அழுகையைப் பார்த்து எதிர்வீட்டு அண்ணனும் தேம்பிட்டார். அப்புறம் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.”

“ஐஸ்கிரீமா?”

கைக்குட்டை பாதி வழியில் நின்றது. பக்கத்து சீட்டுக் கணக்கரின் பேனாவும் நின்றது.

“பின்னே? மூணு வருஷம் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தாச்சு. இனிமேதான் மேடம் வாழ்க்கையே!” சட்டைப் பையிலிருந்து இரண்டு சினிமா டிக்கெட்டுகளை எடுத்து விசிறி போல விரித்துக் காட்டினார். “மத்தியானக் காட்சி. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் கொடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். வீட்டுக்காரி கீழே காத்துக்கிட்டு இருக்கா.”

“வீட்டுக்காரியா!” கணக்கர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

கைக்குட்டையின் கண்ணில் இருந்த ஈரமெல்லாம் ஒரே நொடியில் ஆவியாகிவிட்டது.

“ஒரு வாரம்கூட முழுசா ஆகலை. அதுக்குள்ள கைகோத்துக்கிட்டு சினிமாவா? மனுஷனா சார் நீங்க? இவ்வளவு நேரம் உங்களுக்காக அழுதேனே, என்னைச் சொல்லணும்! அந்த அம்மாவை நினைச்சா உங்களுக்கு நெஞ்சு பதறலை?”

“எந்த அம்மா?” என்று தையல்காரர் திருதிருவென விழித்தார். “நான் சினிமாவுக்குப் போறதுல உங்களுக்கு என்ன மேடம் இவ்வளவு கோபம்?”

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கதவருகே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண்மணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

“என்னங்க, படம் போட்டுடுவான், இன்னும் என்ன பண்றீங்க? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியலை. ரெண்டு மாடியும் யார் கையையும் பிடிக்காம நானே ஏறி வந்துட்டேன்!” என்றவள், மெல்ல அடி மேல் அடி வைத்துக் கவுண்ட்டருக்கு வந்து பேனாவை எடுத்தாள்.

“அந்த நோயாளி நான்தாம்மா. எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?”