பாதிச் சாப்பாட்டில் வந்த கார்

ரசத்துக்கு இன்னும் வரவில்லை. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

நான்கு மணிக்கு என்று சொன்ன கார். மணி இன்னும் இரண்டுகூட ஆகவில்லை.

"ஃப்ளைட்ட மாத்திட்டாங்களாம்மா. இப்பவே கெளம்பணுமாம்," என்று போனைப் பார்த்துக்கொண்டே நயினார் எழுந்தான்.

அம்மா அவன் இலையைப் பார்த்தாள். கடலுக்குப் போகிற பிள்ளை. இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

இன்னும் ரெண்டு வாய் என்று சொல்வதற்குள் மகன் கை கழுவப் போய்விட்டான்.

எதிரே மருமகள் லோர்னா. பிலிப்பைன்ஸ்காரி. நயினாரோடு கப்பலில் வேலை பார்த்தவனின் தங்கை. கல்யாணம் அங்கேயே முடிந்து, தூத்துக்குடிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

அந்தப் பிள்ளை என்னத்தைத் தின்னுமோ என்று மாமியார் வீணாகக் கவலைப்பட்டிருந்தாள். வந்த மறுநாளே இட்லியை ஒதுக்கிவிட்டு, ராத்திரி மிஞ்சிய சோற்றைப் பூண்டு போட்டு வதக்கி, கருவாட்டைப் பொரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மதியம் சோறு. இரவும் சோறு. நடுவில் வயிறு சும்மா இருக்கக் கூடாதென்று நாலு மணிக்கு வாழைக்காயைச் சர்க்கரையில் புரட்டிப் பொரித்தது. சோற்றின் அருமை தெரிந்த பிள்ளை என்று அன்றைக்கே அவளுக்குப் பிடித்துப்போனது.

சாப்பிடும் நேரத்தில் யார் வந்தாலும் விடாது. "சாப்டு, சாப்டு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூப்பிடுவது மரியாதைக்குத்தானாம். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் அது தெரியாமல் ஒருநாள் உட்கார்ந்தே விட்டார்.

மாமியார் நின்று பரிமாறுவது மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடும்.

முப்பது வருஷமாக எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகே சாப்பிட்டுப் பழகியவள், மூன்று வாரமாகத்தான் சூடான சோறு சாப்பிடுகிறாள்.

மகன் கிளம்புகிற நாள் என்று இன்றைக்கு மட்டும் வாழை இலை போட்டிருந்தாள். அவியலுக்குப் பக்கத்தில் லோர்னா சமைத்த கோழி. வினிகரும் சோயா சாஸும் ஊற்றி வேகவைத்தது. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. வெளியே சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

பெட்டிச் சக்கரம் கூடத்தைத் தாண்டி உருண்டது.

"வாரேம்மா. எந்திரிக்காத, சாப்பிடு."

கேட்கிற ஆளா அவள்? நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

லோர்னா எழவில்லை. இரண்டு கைகளாலும் தன் இலையைப் பிடித்தாள். குழம்பு வழியாமல், அவசர அவசரமாக, அதை அப்படியே திருப்பி வைத்தாள்.

நுனி வலப்பக்கம் வந்தது.

எழப்போன மாமியார் அதையே பார்த்தாள்.

இந்த வீட்டில் நுனியை வலப்பக்கம் வைத்து இலை போட்டது ஒரே ஒரு நாள்தான். அவள் கணவருடைய காரியத்துக்கு.

அதற்குள் லோர்னாவின் கை அவளுடைய இலைக்கும் நீண்டது.

மாமியார் எச்சில் கையோடு தன் இலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் செய்யுத நீ? பிள்ள கெளம்புத நேரத்துல?"

லோர்னா கையை எடுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அது கோபமில்லை, பயம். மாமியாருக்கு அது நன்றாகத் தெரிந்த பயம்.

வெளியே டிக்கியை மூடும் சத்தம் கேட்டது.

"அம்மா... சாப்டு நேரம்... ஒரு ஆள் போறது..." லோர்னா தெரிந்த தமிழையெல்லாம் திரட்டினாள். காற்றில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். "எங்க வீடு, எல்லா தட்டும் இப்டி. அப்போ போற ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க அப்பா, மீன் போட். தினமும் தட்டு இப்டி. தினமும் வந்தாரு."

மாமியார் தன் இலையைப் பார்த்தாள். திருப்பி வைத்த இலையையும் பார்த்தாள்.

திருப்பினால் இவளுக்கு மனசு கேட்காது. திருப்பாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இனி ஒரு வாய் இறங்காது. இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே நயினார்.

கார் உறுமியது.

அவள் எழுந்து ஓடினாள். வாசலுக்கு அல்ல, அடுக்களைக்கு.

வரும்போது கையில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள். லோர்னாவின் இலையிலிருந்ததை ஒரு தட்டில் வழித்துப் போட்டாள். தன் இலையிலிருந்ததை இன்னொன்றில். கோழியும் அவியலும் அப்பளமும் ஒன்றாகிப் போயின. போகட்டும்.

வட்டத் தட்டுக்கு நுனி ஏது?

"ம், திருப்பு," என்றாள்.

லோர்னாவுக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் திருப்பினாள். அவளும் திருப்பினாள்.

கார் நகர்ந்தது. இரண்டு முறை ஹாரன் கேட்டது. அம்மா வாசலில் நிற்பாள் என்று மகன் பார்த்திருப்பான்.

லோர்னா ஒரு சுற்றோடு கையை எடுத்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

மேசையில் தட்டு உரசும் சத்தம் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

மாமியார் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தாள். உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

"அம்மா, ஒண்ணு போதும்."

"ஒம்பது மாசம்லா போறான்," என்றாள்.